47 பேர் போதும்

ஆள் பலம் இல்லை, பணம் இல்லை, நேரம் சரியில்லை. இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லியே வயதைக் கரைத்துவிடாதே, நண்பா. நிமிர்ந்து உட்கார். 2007 மே மாதம் ஸ்காட்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

129 இடங்கள் கொண்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்தல். தொழிற்கட்சிக்கு 46 இடம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 47. ஒரே ஒரு இடம் கூடுதல்! கன்னிங்ஹாம் வடக்குத் தொகுதியை அந்தக் கட்சி பிடித்தது வெறும் 48 வாக்கு வித்தியாசத்தில். இன்னும் ஒரு தெரு ஏறி இறங்கச் சலித்துக்கொள்கிறாயே, அந்த 48-ஐ நினைத்துக்கொள்.

அந்த 47 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1934-ல் தொடங்கிய கட்சி. 1945-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கான மதர்வெல் இடைத்தேர்தலில் முதல் வெற்றி. மூன்றே மாதத்தில் அது பறிபோனது. 1967-ல் ஹாமில்டனில் வின்னி யூவிங் வென்றார், 1970-ல் தோற்றார். 1974 அக்டோபரில் 11 எம்.பி.க்கள், 1979-ல் இரண்டே பேர். அதே 1979-ல் தன்னாட்சிக்கான வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. வென்றும் கையில் ஒன்றும் இல்லை! அதற்கு மேல் 20 ஆண்டு. 1999-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் எடின்பரோவில் கூடியபோது, மூத்த உறுப்பினராக அந்த முதல் அமர்வுக்குத் தலைமை தாங்கி, 1707-ல் ஒத்திவைக்கப்பட்ட அவை மீண்டும் கூடுகிறது என்று அறிவித்தவர் 69 வயது வின்னி யூவிங்.

இந்தக் கட்சி கேட்பது போல ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்பது அந்த மக்கள் தீர்மானிக்க வேண்டியது. நான் வியப்பது அந்த விடாப்பிடியை.

சரி, 47 வந்துவிட்டது. பெரும்பான்மைக்கு 65 வேண்டுமே? லிபரல் ஜனநாயகக் கட்சி கூட்டணிக்கு வர மறுத்தது. பசுமைக் கட்சியின் இரண்டு பேர் ஆதரிக்க, 49-க்கு 46 என்று அலெக்ஸ் சால்மண்ட் முதலமைச்சரானார். முழு பலம் வந்த பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இருந்ததை வைத்தே ஆண்டார்கள்! ஃபோர்த், டே பாலங்களில் சுங்கக் கட்டணம் 2008-ல் ஒழிந்தது. பட்டம் முடித்தவர்கள் செலுத்த வேண்டியிருந்த கட்டணமும் அதே ஆண்டு போனது. மருந்துச் சீட்டுக் கட்டணம் படிப்படியாகக் குறைந்து 2011 ஏப்ரலில் அடியோடு நீங்கியது.

இதில் ஒரு மனிதரை உன் கண்முன் நிறுத்த விரும்புகிறேன். ஜான் ஸ்வின்னி. 2003 தேர்தலில் அவர் தலைமையில் கட்சி 35 இடத்திலிருந்து 27-க்குச் சரிந்தது. மறு ஆண்டு தலைமையை விட்டு விலகினார். ஆனால் களத்தை விட்டு விலகவில்லை! 2007-ல் நிதியமைச்சராக வந்து உட்கார்ந்தார். 2009 ஜனவரியில் அவருடைய பட்ஜெட் வாக்கெடுப்புக்கு வந்தது. வீடுகளுக்குக் குளிர் தாங்கும் காப்பு போடும் திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் போதாது என்று பசுமைக் கட்சி எதிர்த்தது. 64-க்கு 64! அவைத்தலைவரின் தீர்மான வாக்கும் எதிராக விழ, பட்ஜெட் தோற்றது. அரசே கவிழும் நிலை. அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? உலகமே எனக்கு எதிரி என்று கதவைச் சாத்திக்கொண்டிருப்பாயா? ஸ்வின்னி எதிர்க்கட்சிகளிடம் போனார். பேசினார். விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்தார். ஒரே வாரம். திருத்திய பட்ஜெட் 123-க்கு 2 என்று நிறைவேறியது. ஏழு நாளில் 64 எங்கே, 123 எங்கே! தோல்வியைக் கண்டு துவளும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களையும் நெஞ்சில் பதித்துக்கொள்.

எல்லாம் கைகூடவில்லை என்பதும் உண்மை. உள்ளூர் வருமான வரித் திட்டத்தைக் கைவிட்டார்கள். கட்சியின் உயிர்க்கொள்கையான விடுதலை வாக்கெடுப்புக்கான மசோதாவையே, அவையில் ஆதரவு இல்லாததால், 2010-ல் ஒதுக்கி வைத்தார்கள். வலித்திருக்கும். ஆனாலும் அடுத்த நாள் வேலைக்கு வந்தார்கள். உனக்கும் அப்படி ஒதுக்கி வைக்க வேண்டிய கனவு ஒன்று இருக்கலாம். வை. ஆனால் கையில் இருக்கிற வேலையை மட்டும் கீழே போடாதே!

2011 வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் கருத்துக்கணிப்புகள் தொழிற்கட்சியே முன்னணி என்றன. தொகுதி இடங்களோடு பட்டியல் இடங்களையும் சேர்த்துப் பங்கிடும் அந்தத் தேர்தல் முறையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை எளிதில் கிடைக்காது. மே 5 அன்று வாக்குப்பதிவு. எண்ணி முடித்தபோது தொழிற்கட்சி 37. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 69! ஒதுக்கி வைத்த வாக்கெடுப்புக்கு வழி திறந்தது. 27 இடத்தோடு தோற்ற ஸ்வின்னி, இம்முறை 69 பேரின் பலத்தோடு, அடுத்த பட்ஜெட்டை எழுத மறுபடி நிதியமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.