வனமும் விரதமும்

 

மழைக்காலம் தொடங்கியதும் நம் முனிவர்கள் நடைப்பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்குகின்றனர். ஆஷாட மாதத்து வளர்பிறைச் சதுர்த்தசியில் தொடங்கும் இச்சாதுர்மாஸ்யம், பகவான் மகாவீரர் வீடுபேறெய்திய தீபாவளியை ஒட்டி நிறைவுறுகிறது. இந்நாட்களில் அறவுரை நிகழ்கிறது. தசலட்சணப் பருவம் வருகிறது. அயலூர்களில் வாழும் உறவினரும் சொந்தக் கிராமத்து ஜினாலயத்தில் வந்து கூடுகின்றனர். ஆண்டில் நம் சமூகம் ஒருவரையொருவர் முகம் பார்த்து மகிழும் காலம் இதுவே எனலாம்.

ஆயினும் இக்கூட்டத்தின் மூலகாரணம் யாது? மழையில் புல்லும் பூண்டும் முளைக்கும். புழுவும் பூச்சியும் பெருகும். வைக்கும் ஒவ்வோர் அடியிலும் உயிர் இருக்கும். அவ்வுயிர்களை மிதியாதிருக்கவே முனிவர்கள் நின்றனர். அவர்கள் நின்ற இடத்தில் சமூகம் கூடிற்று. ஆகவே நம் பருவகாலக் கூட்டம் உயிர்க்காப்பிலிருந்து பிறந்தது. காப்பை மறந்து கூட்டத்தை மட்டும் போற்றினால், எஞ்சுவது பந்தலும் விருந்துமே. இக்கருத்தை விளக்க நீலகிரி மாவட்டத்துத் தெப்பக்காட்டை இன்று நினைவிற்கொள்வோம்.

மோயாற்றங்கரையில் ஒரு முகாம்

உதகையிலிருந்து மைசூர் செல்லும் வழியில், மோயாற்றங்கரையில் அமைந்தது தெப்பக்காடு. அதனைச் சூழ்ந்த முதுமலைக் காடு 1940ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இங்குள்ள யானைகள் முகாம் ஆங்கிலேயர் காலத்தில் மரம் இழுக்கும் பணிக்காகத் தோன்றியது. மரம் வெட்டும் தொழில் ஒழிந்தபின், தாயை இழந்த கன்றுகளையும் மனிதரோடு மோதிய யானைகளையும் பேணும் இல்லமாக அது மாறியது. காட்டை அழிக்க எழுந்த ஓர் ஏற்பாடு, காட்டுயிரைக் காக்கும் ஏற்பாடாகத் திரும்பியது. மனம் திரும்புதல் தனி மனிதனுக்கு மட்டும் உரியதன்று, நிறுவனங்களுக்கும் உண்டு.

யானைகளைப் பேணும் பாகரும் காவடிகளும் பெரும்பாலும் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் முதலிய பழங்குடியினர். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம் சேர்த்து உருட்டி, ஒவ்வொரு யானைக்கும் அதன் அளவறிந்து ஊட்டுகின்றனர். பொங்கல் நாளில் யானைகளை நீராட்டி அலங்கரித்து, பொங்கலும் கரும்பும் அளித்த பின்னரே தாங்கள் உண்டு களிக்கின்றனர். தாயற்ற கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிய ஆவணப்படம் 2023ஆம் ஆண்டில் ஆஸ்கர் விருது பெற்றபோது உலகமே இம்முகாமின் பெயரை அறிந்தது. அவர்தம் உணவு முறையும் தேனெடுக்கும் வழக்கமும் நம் விரதங்களோடு ஒவ்வாதவை. மது, மாமிசம், தேன் மூன்றையும் விலக்குதல் சாவகனின் மூலகுணங்களில் அடங்கும். ஆயினும், பிறரிடத்துள்ள நன்மையைக் காண மறுப்பது அநேகாந்தம் பயின்றோர்க்கு அழகன்று. நாம் தேனைத் தொடாதிருப்பதும் அறம். அவர்கள் தாயற்ற கன்றைத் தம் பிள்ளையாய் வளர்ப்பதும் அறமே.

வச்சிரகோஷமும் மூர்த்தியும்

பகவான் பார்சுவநாதரின் முற்பிறவி வரலாற்றை நம் ஸ்ரீபுராணத்தில் கேட்டிருக்கிறோம். மருபூதி தன் தமையன் கமடனால் கொல்லப்பட்டு, வச்சிரகோஷம் என்னும் யானையாய்க் காட்டில் பிறந்தான். அவனுடைய பழைய அரசரான அரவிந்தர் துறவு பூண்டு, வணிகர் கூட்டத்தோடு அவ்வழியே வந்து தங்கினார். மதங்கொண்ட வேழம் கூட்டத்தைச் சிதறடித்து முனிவரையும் கொல்ல ஓடிவந்தது. அவரோ அசையாது நின்றார். அவர் மார்பிலிருந்த ஸ்ரீவத்சக் குறியைக் கண்டதும் யானைக்கு முற்பிறவி நினைவு எழுந்தது, மதம் அடங்கிற்று. முனிவர் அதற்கு அறமுரைத்தார். வேழம் சாவக விரதம் ஏற்றது. பிற யானைகள் ஒடித்தெறிந்த உலர்ந்த தழையை உண்டது. அவை கலக்கிவிட்ட நீரையே பருகியது. பின்னர் உடல் மெலிந்து சேற்றில் அழுந்தி, பாம்பாய்ப் பிறந்திருந்த கமடனால் தீண்டப்பட்டபோதும் பகை கொள்ளாது உயிர்விட்டு, தேவருலகில் பிறந்தது. அவ்வுயிரே பின்னர்ப் பார்சுவநாதர் ஆயிற்று. மேல்சித்தாமூரிலும் திருநறுங்கொண்டையிலும் நாம் வணங்கி நிற்கும் தீர்த்தங்கரர் ஒரு காலத்தில் காட்டு யானையாய் இருந்தவர் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

இதற்கு ஒப்பான நிகழ்ச்சி நம் காலத்தும் நிகழ்ந்தது. கேரளத்திலும் கூடலூர்ப் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஓர் ஆண் யானையை, 1998ஆம் ஆண்டில் சுட்டு வீழ்த்தாது உயிருடன் பிடித்துத் தெப்பக்காட்டிற்குக் கொணர்ந்தனர். அதன் உடலில் ஆழ்ந்த காயங்கள் இருந்தன. ‘யானை டாக்டர்’ என்று புகழ்பெற்ற கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி அவற்றுக்கு மருந்திட்டு ஆற்றினார். காயம் ஆறியது, சினமும் ஆறியது. மருத்துவரின் பெயராலேயே அவ்யானை ‘மூர்த்தி’ எனப்பட்டது. கொலையானை என்று அஞ்சப்பட்ட அது, முகாமிலேயே மிகச் சாந்தமான யானைகளுள் ஒன்றாய்க் கால் நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்து, 2024ஆம் ஆண்டு அக்டோபரில் இறந்தது. மருத்துவர் 2002இலேயே மறைந்துவிட்டார். அவர் செய்த வைத்தியத்தின் பயன் அவருக்குப் பின்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் உயிரோடு நடமாடியது.

கொல்லப்பட்ட மனிதரின் குடும்பங்கள் அடைந்த துயரை எவரும் சிறிதாக எண்ணலாகாது. ஆயினும், கொன்றதைக் கொல்வதோடு நம் அறிவு முடிந்துவிடுமாயின், சினத்துக்குப் பின்னுள்ள காயத்தை எவர் காண்பார்? யானையிடம் மட்டுமன்று, இல்லத்தில் சினந்து பேசும் முதியவரிடமும் வழிதவறிய இளைஞனிடமும் கேட்கவேண்டிய கேள்வி இது.

கட்டுதலும் விடுதலும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தில் முதலாவது, உயிரைக் கட்டி வைத்தல். அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகியவை ஏனையவை. எனில், யானையை மரக்கூண்டில் அடைத்தலும் சங்கிலியிடுதலும் குற்றமன்றோ?

இவ்வையம் நியாயமானதே, இதனை மழுப்புதல் கூடாது. பெருந்தீங்கை விலக்கச் சிறுதீங்கை ஏற்கும் நிலை இல்லறத்தார்க்கு நேர்வதுண்டு. அப்போதும் அது தீங்கு என்னும் உணர்வு இருத்தல் வேண்டும். கூண்டு பெருமைக்குரிய பொருளன்று. காடு சுருங்கியதற்குச் சாட்சி. யானையைக் கட்டவேண்டாத நாள் வரவேண்டுமெனில், அது நடக்கும் வழியை நாம் மறிக்காதிருத்தல் வேண்டும். தெப்பக்காட்டிற்குக் கிழக்கே சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் சென்றுவரும் பாதையாகும். அங்கே விடுதிகளும் வேலிகளும் எழுந்தன. 2010இல் தமிழக அரசு அதனை யானை வழித்தடமாக அறிவித்தது. வழக்குகள் தொடுக்கப்பட்டன, சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் அவ்வறிவிப்பை ஏற்றது, 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. நீதிமன்றம் சட்டத்தால் இட்ட எல்லையை, நம் ஆசாரியர்கள் பொருள்வரைதல் என்னும் விரதத்தால் இட்டனர். பரிக்கிரகத்துக்கு அளவு வகுத்துக்கொள்ளாதவன் வைக்கும் வேலி, எங்கோ ஓருயிரின் வழியை அடைக்கிறது.

இரவு அடைபடும் சாலை

தெப்பக்காட்டைக் கடந்து பந்திப்பூர் வழியே மைசூர் செல்லும் சாலையில், 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உள்ளது. அவசர ஊர்திகளுக்கும் வரையறுத்த சில பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. இருளில் ஊர்தியின் வேகத்தில் அடிபட்டு மாண்ட மான்களும் பிற விலங்குகளுமே இத்தடைக்குக் காரணம். வணிகர்க்கும் பயணிகளுக்கும் இது இடையூறு என்று முறையிடுவோர் உளர்.

இரவில் உண்ணாமையைக் குழந்தைப் பருவம் முதல் பயின்ற நமக்கு இத்தடை புதிதன்று. ஒளியில்லாதபோது உயிர்களைக் காண இயலாது. காணாதபோது காக்க இயலாது. இதுவே இரவுணவு விலக்கின் பொருள். நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி நடக்கும் முனிவரின் ஈரியா சமிதியின் பொருளும் இதுவே. நம் முன்னோர் தட்டுக்கு வகுத்த ஒழுக்கத்தை இன்று சாலைக்கும் வகுத்திருக்கின்றனர். கோடை விடுமுறையில் உதகைக்குச் செல்லும் நம் குடும்பங்கள் இரவில் தட்டை விலக்கிவிட்டு, வைகறைக்கு முன்பே சாலை திறக்குமா என்று பரபரப்பது பொருந்துமா?

அறியாது செய்யும் கொலை

மோயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னாட்டில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடுகட்டி வாழும் அரிய இடங்களுள் ஒன்று. அவை இந்நாடெங்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலாக அழிந்தன. வேட்டையாடியவர் எவருமில்லை. நோயுற்ற மாட்டின் வலி தீர டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தை இரக்கத்தோடுதான் செலுத்தினர். மாடு இறந்தபின் அதன் உடலை உண்ட கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி மாண்டன. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. கிட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவை 2023இல் தடை செய்யப்பட்டன. தீங்கற்ற மெலாக்சிகாம் மருந்து கிடைக்கிறது.

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் உழவும் கறவையும் கொண்டு வாழும் நம் குடும்பங்களுக்கு இச்செய்தி மிக அணுக்கமானது. வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சையை நாம் விட்டுவிட்டோம் என்று அமைதியுறுகிறோம். ஆனால் அருங்கலச்செப்பு முதலிய நம் சாவக நூல்கள் அநர்த்ததண்ட விரதத்தையும் வற்புறுத்துகின்றன. பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், செடியை அறுத்தல் ஆகியவை பிரமாதத்தால் வரும் குற்றங்கள். கொல்லும் எண்ணம் இல்லை என்பது பாதி அறமே. கொல்கிறதா என்று விசாரித்து அறிதல் மறுபாதி.

கூடி வாழ்தலும் கூடிக் காத்தலும்

தனியொருவர் முயற்சியால் காடு நிலைபெறாது. வறட்சி தொடங்குமுன் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கும் பணியில் முதுமலைப் பழங்குடி மக்கள் குழுவாய் ஈடுபடுகின்றனர். காட்டை மூடிப் பிற தாவரங்களை வளரவொட்டாது தடுக்கும் அயல்நாட்டு உண்ணிச்செடியைக் கூடலூர்ப் பகுதி மக்கள் வெட்டி, அதன் தண்டுகளால் மெய்யான யானையளவு உருவங்களைப் பின்னுகின்றனர். அவ்வுருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களிலும் 2024இல் நியூயார்க் நகரிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அழகுச்செடியாய்க் கொணரப்பட்டது காட்டையே விழுங்கியதுபோல், இனிமையாய் நுழையும் கஷாயமே ஆன்மாவை மூடுகிறது. இரண்டையும் ஒருமுறை வெட்டினால் போதாது. பருவந்தோறும் மீண்டும் மீண்டும் களைதல் வேண்டும்.

எனவே, வரும் சாதுர்மாஸ்யத்தில் ஒவ்வொரு கிராமத்து ஜினாலயமும் சில உறுதிகளை ஒன்றுகூடி ஏற்கலாம். மழைக்கு முன் ஊர்க்குளத்தின் வரத்துக்காலைப் பழுதுபார்க்கலாம். விழா உணவை வாழை இலையிலும் தையல் இலையிலும் பரிமாறலாம். 2019 முதல் தமிழ்நாடெங்கும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. சட்டத்திற்கு அஞ்சி விடுவதினும் விரதமாக விடுவது மேல். மாட்டுக்கு ஊசியிடும்போது மருந்தின் பெயரைக் கேட்டறியலாம். மகாவீரர் முக்தியடைந்த நாளை வெடியின்றி விளக்கொளியால் மட்டும் கொண்டாடலாம். ஆதிபகவன் ஞானமெய்திய ஆலமரத்தின் கன்றொன்றை ஊர்ப்பொதுவில் நட்டு, அதற்கு நீர் வார்க்கும் பொறுப்பைக் குடும்பத்திற்கு ஒரு வாரமாகப் பகிரலாம். தசலட்சணத்தின் நிறைவில் ஒருவரிடம் ஒருவர் பொறை வேண்டும் நாளில், இவற்றுள் எதைச் செய்தோம், எதை விட்டோம் என்று சபையில் கணக்குப் பார்க்கலாம்.

உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாதலைத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் உணர்த்துகிறார். துணை என்பது மனிதர்க்குள் மட்டும் நிற்பதன்று. காட்டில் திரிந்த வேழம் ஒரு முனிவரின் சொல்லால் தீர்த்தங்கரர் நிலைக்கு வழி கண்டது. அவ்வழி எந்த உயிருக்கும் அடைபடாதிருக்க, நாம் கூடும் ஒவ்வொரு கூட்டமும் ஒரு காவலாய் அமைவதாக.

அனைத்துயிரும் இன்புறுக! அஹிம்சை தழைத்தோங்குக!