நடை அழகு

எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். அச்சகத்தில் வேலை. சில வருஷங்களுக்கு முன்னால் லாரி மோதி, இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. பொய்க்கால் பொருத்திய புதிதில், ஒரு நாள் துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

அங்கே பிடித்துக்கொள்ள இரு பக்கமும் கம்பிகள். கோடியில் ஆளுயரக் கண்ணாடி. "கண்ணாடியைப் பாருங்க, தோள் சாயாம வாங்க" என்று பயிற்சியாளர் சொல்லச் சொல்ல, நண்பர் அளந்து அளந்து நடந்தார். அழகாகவே நடந்தார். ஆனால் தெருவில் இறங்கியதும் அந்த நடை மாயமாய்ப் போயிற்று. உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, பொய்க்காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வீசி நடக்கலானார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

"உள்ளே நல்லா நடந்தீங்களே சார்?" என்று கேட்டும்விட்டேன்.

"உள்ளே கண்ணாடியைப் பாத்து நடக்கணும். இங்கே கல்லைப் பாத்து நடக்கணும்" என்றார் அவர்.

அந்தப் பதில் என்னை வெகு நாள் விடவில்லை.

நடக்கும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. கெண்டைக்கால் தசை உந்துகிறது, முழங்கால் மடிகிறது, பாதம் தரையின் மேடு பள்ளத்தை நொடிக்கு நொடி அறிவிக்கிறது. இந்த மூன்றையும் இழந்த மனிதன், பொய்க்காலின் நுனி தரையில் இடறாமல் அதை முன்னே கொண்டுவர வேண்டும். அதற்காகக் காலை வெளியே வீசுகிறான். அல்லது இடுப்பைத் தூக்குகிறான். அல்லது நல்ல காலின் நுனியில் எம்புகிறான். பொய்க்காலின் மேல் நிற்கும் நேரத்தைக் குறைத்து, நல்ல காலின் மேல் கூடுதலாக நிற்கிறான். இதையெல்லாம் நாம் கோணல் என்கிறோம். ஒவ்வொன்றும் விழாமலிருக்க உடம்பு போட்ட கணக்கல்லவா?

வேகமும் அப்படித்தான். அதே தூரத்தைக் கடக்க அவருக்கு நம்மைவிட அதிக சக்தி செலவாகும். ஆனால், விபத்தில் காலை இழந்து மற்றபடி திடமாக இருப்பவர்களைச் சோதித்ததில், அவர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஆகும் செலவை ஏறத்தாழ மற்றவர்கள் அளவிலேயே வைத்துக்கொள்வது தெரிந்தது. நாம் தளர்ச்சி என்று இரங்குவது, அவர்களுக்குச் சிக்கனம்.

அப்படியானால் நடையைத் திருத்தவே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. பாரம் முழுவதும் நல்ல காலின் மேலேயே விழுந்தால், வருஷக்கணக்கில் அந்த முழங்கால் தேயும், முதுகு வலிக்கும். பயிற்சியாளர் தோளை நிமிர்த்தச் சொன்னது நண்பரின் முதுகுக்காக. நான் வருத்தப்பட்டதோ என் கண்ணுக்காக. இரண்டு பேரும் கேட்டது ஒன்றே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிறரைத் திருத்த முற்படும் எந்தக் காரியத்திலும், 'இது யாருக்காக?' என்ற கேள்வியை முதலில் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். மேல்நாட்டு முறையில் செய்த பொய்க்கால்கள் பூட்ஸுக்கும் நாற்காலிக்கும் ஏற்றவை. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவனுக்கும், தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவனுக்கும் அவை உதவவில்லை. வாங்கிப் போனவர்களில் பலர் வீட்டு மூலையில் சாத்திவிட்டார்கள். ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும், ராமசந்திர சர்மா என்ற கைவினைஞரும் அந்த மனிதனின் வாழ்க்கையிலிருந்து தொடங்கினார்கள். 1968இல் ரப்பரும் மரமும் கொண்டு அவர்கள் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் குந்த விட்டது, சம்மணம் போட விட்டது, சேற்றில் நடக்க விட்டது.

1981இல் திருச்சிக்கு அருகே நடந்த பஸ் விபத்தில் வலது காலை இழந்த சுதா சந்திரன், அந்தப் பாதத்தை அணிந்து 1984இல் மறுபடி மேடையேறி ஆடினார். நாட்டியம் பார்ப்பவர்களுக்காகவே ஆவது. அந்தப் பார்வையை அவரே விரும்பி அழைத்தார். தெருவில் போகிறவர் நம்மை அப்படி அழைக்கவில்லை. அவர் நடந்து காட்டவில்லை, எங்கேயோ போகிறார்.

இவ்வளவும் யோசித்து முடித்தவன்தான், சென்ற வாரம் நண்பரோடு மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கம்போல் அவருக்காக நடையைத் தளர்த்திக்கொண்டேன். அது தெரியாதிருக்க, கடைகளை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை வேறு. கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றார்.

"ஏன் சார், காலிலே ஏதாவது வலியா?"

"இல்லையே!"

"அப்போ உங்க நடையிலே நீங்க நடங்க. நான் வந்துடுவேன்."

அன்றைக்கு எங்கள் இருவரில் பொய் நடை நடந்தவன் நான்தான்.