எண்ணத்தால் கொல்ல முடியுமா?

ஒரு மனிதர் சாகவேண்டும் என்று உள்ளம் ஒன்றி நினைத்தார் ஓர் அம்மையார். அந்த மனிதரும் மாண்டார். செய்தி கேட்டு அம்மையார் துடித்தாரா? இல்லை, களித்தார்! தம் ஆன்ம வலிமையே அவரை வீழ்த்திற்று என்று நம்பினார்.

அன்னா கிங்சுபோர்டு என்பது அவர் பெயர். 1846-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மெய்ப்பொருள் தமக்குக் கனவிலே வெளிப்பட்டது என்று நூல் எழுதியவர். 1883-இல் பிரம்மஞான சபையின் இலண்டன் கிளைக்குத் தலைவரானவர். அடையாற்றிலே ஆலமர நிழலில் அமர்ந்திருக்கிறதே, அதே சபைதான்!

கனவு கண்டவர்தானே என்று தள்ளிவிட வேண்டாம், தோழர்களே! 1874-இல் பெண்ணுக்கு மருத்துவப் பட்டம் தரும் பல்கலைக்கழகம் இங்கிலாந்தில் ஒன்றுகூட இல்லை. பாதிரியாரின் மனைவி, ஒரு மகளின் தாய், மூச்சுத் திணறலால் வாடியவர் — அவர் பாரிசு நகருக்குச் சென்றார். உயிருள்ள விலங்கை அறுத்துப் பயிலமாட்டேன் என்று உறுதி பூண்டார். ஒன்றைக்கூட அறுக்காமலே 1880-இல் பட்டம் பெற்றார். புலாலற்ற உணவே அவரது ஆய்வேட்டின் பொருள். இந்த வீரத்தைப் போற்றாதவன் பகுத்தறிவாளன் அல்லன்.

அதே பாரிசிலேதான் மற்றொன்றும் நடந்தது. விலங்குகளை உயிரோடு அறுத்து ஆராய்ந்தவர் கிளாடு பெர்னார்டு. கல்லீரல் சர்க்கரையைச் சேமிக்கும் முறையைக் கண்டறிந்த மேதை. அவர்மீது அம்மையார் தம் சினத்தை மந்திரமாக ஏவினார். 1878 பிப்ரவரியில் பெர்னார்டு இறந்தார். பின்னர் பால் பெர்ட்டுமீது ஏவினார். 1886 நவம்பரில் அவர் அனாய் நகரில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். இருவரையும் தாமே கொன்றதாக அம்மையார் கருதினார். இது பகைவர் கட்டிய கதையன்று. அவருடைய உற்ற தோழர் எட்வர்டு மெய்ட்லண்டு 1896-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலேயே இருக்கிறது.

அறுபத்து நான்கு வயதில் நோயுற்ற முதியவர் இறப்பதற்கு மந்திரம் எதற்கு? வெப்ப நாட்டிலே வயிற்றுக்கடுப்புக்கு ஏவல் எதற்கு? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! நம் ஊர்ப் பூசாரி செய்தால் சூனியம். பாரிசுப் பட்டதாரி செய்தால் ஆன்ம சக்தியோ?

அப்படியானால், எவரையும் கொல்லாத அம்மையார் குற்றமற்றவரா? சட்டம் அவரைத் தொடாது; தொடவும் கூடாது. எண்ணத்தைத் தண்டிக்கத் தொடங்கினால் எந்தத் தலை தப்பும்? ஆனால் அறம் கேட்கும் கேள்வி வேறு. தம் எண்ணம் கொல்லும் என்று உறுதியாக நம்பியே அவர் எண்ணினார். நஞ்சென்று நம்பிச் சர்க்கரையைக் கலந்தவனின் கை தூயதா?

அன்பு குறைந்ததால் வந்த கேடு என்று இதைச் சொல்லமாட்டேன். நாய்க்கும் முயலுக்கும் கண்ணீர் வடித்த நெஞ்சம் அது. மேடையேறி வாதிட்டவருக்கு மறுமொழி வந்தது; தேர்வெழுதியவரைத் தேர்வாளர் எடைபோட்டனர். இருளில் அமர்ந்து தீர்ப்பெழுதியபோதோ, எதிர்வாதம் செய்ய எவருமில்லை. குற்றஞ்சாட்டியவரும் அவரே, நீதிபதியும் அவரே, கொலைஞரும் அவரே! ஆன்ம ஞானம் அவருக்கு வழங்கிய சலுகை அதுதான்.

மூன்றாவது குறி லூயி பாஸ்டர். 1886-இல் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குச் சென்ற அம்மையார் மழையில் நனைந்தார். நுரையீரல் நோய் பற்றிற்று. 1888 பிப்ரவரியில், நாற்பத்தோராம் வயதில், உயிர் நீத்தார். பாஸ்டர் 1895 வரை வாழ்ந்தார்.