புது டயர், பங்குனி உத்திரம், ஒரு தீர்த்தச் சொம்பு

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.



இன்னைக்கு டயரைப் பத்திப் பேசப் போறேன். "பக்திப் பதிவுல டயரா?"ன்னு மூடிட்டுப் போயிடாதீங்க. நம்ம சாமியே வாகனத்துல உலகத்தைச் சுத்தி வந்தவர்தானே.

புது டயர் பக்கத்துல போய் உக்காந்து பாத்திருக்கீங்களா? மேல சின்னச் சின்னதா ரப்பர் முடி நீட்டிக்கிட்டு இருக்கும். சின்ன வயசுல அதை ஒண்ணொண்ணாப் பிடுங்கி விளையாடாதவங்க யாரும் இருக்க முடியாது. அந்த முடி உதிர்றதுக்குள்ள நான் ஒரு பையன் மேல காரை ஏத்தப் பாத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, பங்குனி உத்திரம் நெருங்கின நேரம். எங்க பழைய காருக்கு நாலு டயரும் தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுச்சு. திருப்பூர்ல இருந்து தாராபுரம் வழியா பழனிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும். அதனால சாயங்காலம் போய் நாலும் புதுசாப் போட்டேன். அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் முடிஞ்சது. டயர் கடை அண்ணன் சாவியைக் கையில் குடுக்கும்போது சொன்னார்:

"தம்பி, ஒரு 300 கிலோமீட்டர் பதமா ஓட்டுங்க. சடன் பிரேக் வேண்டாம், வளைவுல வேகம் வேண்டாம். மழை வந்தா இன்னும் பாத்துப் போங்க."

"நாளைக்கே பழனி போறேங்ணா."

"அப்ப 60-ஐத் தாண்டாதீங்க கண்ணு."

"முருகன் பாத்துக்குவாருங்ணா."

அவர் சிரிக்கல. "அவரு பாத்துக்குவாரு. நீங்க ரோட்டைப் பாருங்க"ன்னுட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டார்.

நான் நேரா எங்க தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினேன். எல்லாம் ஆச்சுன்னு நினைச்சேன்.

மறுநாள் விடியக்காலை கிளம்பினோம். தாராபுரம் தாண்டினதும் தூறல் ஆரம்பிச்சது. கோடையில ரொம்ப நாள் காஞ்சு கிடந்த ரோட்டுல விழற முதல் தூறல். பெருமழையை விட இது மோசம். ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் தண்ணியோட சேர்ந்து மேல வந்து நிக்கும், அடிச்சுக்கிட்டுப் போறதுக்குள்ள மழை நின்னுடும். இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. கந்த சஷ்டி கவசம் போட்டுவிட்டுட்டு 80-ல போயிட்டு இருந்தேன். அம்மா மட்டும் "மெதுவாப் போ சாமி"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க.

பங்குனி உத்திரம்னா கொடுமுடியில இருந்து காவிரித் தீர்த்தம் எடுத்துக்கிட்டு நடந்தே பழனிக்கு வர்றவங்க அந்த ரோடு முழுக்க இருப்பாங்க. இடது ஓரமா ஒரு கூட்டம் போயிட்டு இருந்துச்சு. ஒரு இடத்துல தண்ணி தேங்கி நின்னதால அவங்க ரோட்டுப் பக்கமா ஒதுங்கி வந்தாங்க. எதிர்ல லாரி. நான் பிரேக்கை ஓங்கி மிதிச்சேன்.

வண்டி நிக்கலைங்க. ஏபிஎஸ் வர்றதுக்கு முந்தின வண்டி அது. சக்கரம் நின்னுடுச்சு, வண்டி மட்டும் போகுது. சோப்புத் தண்ணி ஊத்தின திண்ணையில வழுக்குற மாதிரி சத்தமே இல்லாமப் போகுது. எப்படியோ காலைத் தூக்கிட்டேன், ஸ்டியரிங் திரும்பிச்சு, ஓரத்து மண்ணுல இறங்கி நின்னுச்சு. பம்பருக்கு முன்னாடி ஒரு முழம் தள்ளி, ஒரு பையன் சேத்துல விழுந்து கிடந்தான். பன்னெண்டு வயசு இருக்கும். பச்சை வேட்டி, வெறுங்கால். அவன் கையில இருந்த சொம்பு உருண்டு போய்க் கிடந்துச்சு.

அடி எதுவும் படல. தாவினதுல விழுந்திருக்கான், அவ்வளவுதான். எழுந்திரிச்சு முதல்ல சொம்பைத்தான் எடுத்தான். வாயைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்ததால தண்ணி சிந்தல. அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு என்னைப் பாத்தான் பாருங்க... அந்தப் பார்வையை இன்னும் என்னால எழுத முடியல.

அம்மா இறங்கி அழுதுக்கிட்டே எல்லாரையும் கும்பிட்டாங்க. கூட்டத்துல பெரியவர் ஒருத்தர் என்கிட்ட வந்தார். அடிப்பார்னுதான் நினைச்சேன். டார்ச்சை என் முன்சக்கரத்துல அடிச்சுப் பாத்தார்.

"டயர் புதுசுங்களா?"

"ஆமாங்கய்யா. நேத்துத்தான் போட்டது."

"முடி கூட உதிரலையே." கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அப்புறம் அந்தப் பையனைக் காட்டினார். "இவனுக்கும் முதல் வருசந்தான் கண்ணு. கொடுமுடியில கிளம்பறப்ப ஓடியே போயிருவேன்னான். நாங்க உடல. முதல் வருசக்காரன நடுவுல உட்டு, பெரியவங்க நடைக்கு நடக்க வெப்போம். நேத்துக் கொப்பளம் வந்துச்சு. இன்னைக்குத்தான் காலு ரோட்டுக்குப் பழகிருச்சு, ஓரத்துல நடக்கட்டும்னு உட்டோம்."

தப்பு அவங்களோடதுங்கற மாதிரி அவர் அதைச் சொன்னார். எனக்கு ரோட்டுலயே உக்காந்துடலாம் போல இருந்துச்சு.

அன்னைக்குத் தண்டாயுதபாணி முன்னாடி நின்னப்ப ஒண்ணுமே கேக்கத் தோணல. வேலை, கல்யாணம், வீடுன்னு ஒரு பெரிய பட்டியலோட கிளம்பினவன் நான்.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் விசாரிச்சேன், புது டயர் ஏன் வழுக்குதுன்னு. விசயம் ரொம்ப எளிமை. நம்ம வீட்டு இட்லித் தட்டேதான். மாவு ஒட்டக் கூடாதுன்னு தட்டுல எண்ணெய் தடவுறோம் இல்லையா? டயரும் அச்சுலதான் வேகுது. கந்தகம் கலந்த ரப்பரை அச்சுக்குள்ள அழுத்தி 150 டிகிரிக்கு மேல சூடு பண்ணுவாங்க. வெந்து வெளிய வரும்போது ஒட்டாம வர்றதுக்கு ஒரு வழவழப்பு தடவுவாங்க. அதோட மிச்சம் டயர் மேல ஒரு தோல் மாதிரி நிக்கும். ரோட்டுல உரசி உரசித்தான் அது போகணும். எலுமிச்சம்பழச் சாறு அதை எடுக்காது.

இன்னொண்ணும் இருக்கு. புதுக் கார் டயர்ல பள்ளம் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். (1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போனா அந்த டயரை ஓட்டவே கூடாதுன்னு சட்டம்.) ஆழம் அதிகம்ங்கறதால ஒவ்வொரு ரப்பர்க் கட்டையும் உயரமா இருக்கும், வளைவுலயும் பிரேக்குலயும் கொஞ்சம் நெளியும். தேஞ்ச டயர்ல ஓட்டிப் பழகின நம்ம கைக்கு அது வேற மாதிரி இருக்கும். ஆக, டயர் ரோட்டுக்குப் பழகணும், நாமளும் டயருக்குப் பழகணும். ரெண்டுக்கும் சேத்துத்தான் அந்தக் கணக்கு. சில கம்பெனி 300 கிலோமீட்டர்னு சொல்றாங்க, சிலர் 800 வரைக்கும் சொல்றாங்க. அதுவரைக்கும் காஞ்ச ரோட்டுல, நிதானமா, முன்னாடி போற வண்டிக்கு நிறைய இடம் விட்டு ஓட்டணும். டயரை ரிம்முல மாட்டும்போது சோப்புத் தண்ணி தடவுறாங்க இல்லையா, அது காயற வரைக்கும், அதாவது முதல் நாளாவது, ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் ஓங்கி மிதிக்காம இருக்கறது நல்லது. 100 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை வீல் நட்டை இறுக்கிப் பாக்கச் சொல்லணும். பைக்குக்கும் இதே கதைதான், ரெண்டே சக்கரம்ங்கறதால அங்க இன்னும் ஆபத்து.

பாக்கறதுக்குக் கருகருன்னு, பள்ளம் ஆழமா, இருக்கறதுலயே நல்ல டயர் அதுதான். ஆனா இருக்கறதுலயே அதிகமா நம்பி ஏமாறுறதும் அதைத்தான்.

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் பக்திக்குப் புதுசுன்னு எனக்குத் தெரியும். நீங்க அனுப்புற மெசேஜ்லயே தெரியும். முதல் சஷ்டியிலயே ஆறு நாளும் வெறும் தண்ணி குடிச்சு விரதம் இருக்கப் போறேன்பீங்க. நானும் அப்படி ஆரம்பிச்சு மூணாம் நாள் ஆபீஸ்ல மயங்கி விழுந்தவன்தான். மாலை போட்ட பத்தாவது நாள், வீட்டுல யாருக்கும் பக்தியே இல்லைன்னு அம்மா கூடச் சண்டை போட்டவனும் நான்தான். அருணகிரிநாதர் திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து விழுந்தப்ப முருகன் தாங்கிப் பிடிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். பிடிச்ச கையோட அவருக்குக் கிடைச்ச முதல் உபதேசம் மௌனம்னு மரபுல சொல்லுவாங்க. திருப்புகழ் பாடினது அதுக்கப்புறம். அவ்வளவு பெரிய புலவருக்கே முதல்ல பேசாம உக்காருன்னுதான் உத்தரவு.

சரி, அந்த "முருகன் பாத்துக்குவாரு"வுக்கு வர்றேன். இதை ரெண்டு விதமாச் சொல்லலாம். செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சு முடிச்சு, இதுக்கு மேல என் கையில இல்லைன்னு சொல்றது ஒண்ணு. செய்ய வேண்டியதைச் செய்யாம இருக்கறதுக்காகச் சொல்றது இன்னொண்ணு. டயர் கடையில நான் சொன்னது ரெண்டாவது. அந்த அண்ணன் சொன்ன நல்ல வார்த்தையைக் கேக்க மனசில்லாம, அவர் வாயை அடைக்க சாமி பேரைப் பயன்படுத்தினேன். நாம யாரும் இதைப் பாவம்னே நினைக்கறது இல்லை. ஹெல்மெட் போடாதவன், மாத்திரையை நிறுத்தினவன், படிக்காமப் பரீட்சைக்குப் போறவன், எல்லாரும் இதைத்தான் சொல்றோம்.

இந்தச் சம்பவத்தை ஒரு நண்பர்கிட்ட சொன்னேன். "முருகன் காப்பாத்திட்டாருடா! அற்புதம்னு போடு, நிறையப் பேர் ஷேர் பண்ணுவாங்க"ன்னான். அந்தப் பையனைக் காப்பாத்தினது முருகன்தான், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா அவன் பக்கத்துல நின்னு பாருங்க. மூணு நாளாக் கொப்பளக் காலோட சாமிக்குத் தண்ணி சுமந்துக்கிட்டு வர்றான். ஒருத்தன் கவசத்தைச் சத்தமா வெச்சுக்கிட்டு அவன் மேல வண்டியை விடுறான். இதுல என் அற்புதம் எங்க இருக்கு? அவனைக் காப்பாத்த வேண்டிய நிலைமையை உண்டாக்கினதே நான்தானே?

கந்தபுராணத்துல ஒரு இடம், கச்சியப்ப சிவாச்சாரியார் சொல்றது. வேல் பட்டுச் சூரபத்மன் ரெண்டாப் பிளந்து மயிலும் சேவலுமா வர்றான். அன்பா ஒண்ணும் வரல, அப்பவும் சண்டை போடத்தான் வர்றான். முருகன் உடனே ஏறி உக்காரல. கருணையோட ஒரு பார்வை பாக்குறார். அந்தக் கோபம் அடங்கினதுக்கு அப்புறம்தான் மயில் வாகனமாகுது. ஏறுறதுக்கு முன்னாடி வாகனத்தைப் பாத்திருக்கார் அவர். நான் எலுமிச்சம்பழத்தைத்தான் பாத்தேன்.

300 கிலோமீட்டர் முடிஞ்சதும் அந்த டயர் கடைக்குத் திரும்பப் போனேன். அண்ணன் நட்டை எல்லாம் சரிபார்த்துட்டு, டயர் மேல கட்டை விரலை வெச்சுத் தேச்சுப் பாத்தார். "இப்பப் புடிச்சிருச்சு தம்பி"ன்னார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்னு பாத்தா ஒண்ணும் சொல்லல. காத்து அளக்கற கேஜை எடுத்துட்டு வந்து நாலு சக்கரத்தையும் மறுபடி முதல்ல இருந்து பாத்தார். காசு வாங்கிக்கல.

தைப்பூசத்துக்கோ பங்குனி உத்திரத்துக்கோ வண்டியில போறவங்க, டயர் மாத்தறதா இருந்தா ரெண்டு மூணு வாரம் முன்னாடியே மாத்திடுங்க. உள்ளூர்ல ஓட்டிப் பழக்கிட்டுக் கிளம்புங்க. பாதயாத்திரை போறவங்க இருட்டுல நடந்தா பையிலயும் முதுகுலயும் மின்னுற ஸ்டிக்கர் ஒட்டிக்கோங்க.

இந்த வருசம் பங்குனி உத்திரத்துக்கு அதே ரோட்டோரமா நாங்க நாலு பேர் சேர்ந்து நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தோம். ரெண்டாம் நாள் மத்தியானம் அந்தக் கூட்டம் வந்துச்சு. பெரியவர் என்னை அடையாளம் கண்டுபிடிச்சுச் சிரிச்சார். பையன் நல்லா வளந்துட்டான், மீசை அரும்பியிருக்கு. அவனுக்கு என்னை யாருன்னே தெரியல. ரெண்டு டம்ளர் மோர் குடிச்சான். டம்ளரைக் கவுத்து வெச்சுட்டு, புதுசா வந்திருந்த ஒரு பொடியனோட தோள்ல கை போட்டு அவனை நடு வரிசைக்குத் தள்ளிவிட்டு, இவன் ஓரத்துக்கு வந்து நடக்க ஆரம்பிச்சான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.