முடியவில்லை என்று சொன்ன பிறகு

திறமூல மென்பொருள்களின் உரிமங்களில் தவறாமல் ஒரு பத்தி இருக்கும்: உள்ளது உள்ளபடி தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை. சட்டப்படி அதோடு பேச்சு முடிந்தது. எக்ஸ்இசட் விவகாரத்துக்குப் பின் என்னால் அந்தப் பத்தியோடு நின்றுவிட முடியவில்லை.

எக்ஸ்இசட், கோப்புகளைச் சுருக்கும் சிறிய நிரல். லினக்ஸ் கணினிகளில் அநேகமாக எங்கும் இருக்கும். அதை ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பராமரித்தவர் லாஸ்ஸே காலின். புதிய பதிப்பு எங்கே, முடியாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று 2022-ல் சிலர் அவரை நெருக்கினார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. நெடுநாளாக மனநலச் சிரமங்கள் இருக்கின்றன, இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று வெளிப்படையாகவே எழுதினார். அந்த நேரத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவிக்கொண்டிருந்தார். பொறுப்பு மெல்ல அவர் கைக்குப் போனது. 2024-ல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுத்தனமாக உள்ளே நுழைய வழிவிடும் பின்கதவு ஒளிந்திருந்தது. எஸ்எஸ்ஹெச் வழி தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் விடாமல் துருவியதால்தான் மார்ச் 29 அன்று அது வெளியே தெரிந்தது.

நெருக்கியவர்களே போலிப் பெயர்கள்தாம் என்ற சந்தேகம் பலமாக உண்டு. என்னை உறுத்துவது வேறு. அந்தக் கடுஞ்சொற்கள் அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. உண்மையான பயனர்களும் அப்படித்தானே எழுதுகிறார்கள்!

பராமரிப்பவர் புதிய வசதிக்குக் கடன்பட்டவரல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பதிலுக்கும் கடன்பட்டவரல்ல. விலகிப் போகவும் அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கொடுத்ததைப் பிடுங்கக் கூடாது என்பேன். 2016-ல் ஒரு பெயர்த் தகராறில் மனம் வெறுத்து, வெறும் 11 வரி கொண்ட லெஃப்ட்-பேட் என்ற நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம் என்ற நிரல் களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், அதை நம்பியிருந்த எத்தனையோ மென்பொருள்களின் தயாரிப்பு தடைபட்டது. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. அடி விழுந்ததோ சம்பந்தமில்லாதவர்கள் மேல்.

இன்னொரு கடன், தன் நிலையை உள்ளபடி சொல்வது. காலின் அதைச் செய்தார். வற்புறுத்தலுக்காக அறியாத கையில் ஒப்படைப்பதைவிட, நிறுத்திவிட்டேன் என்று அறிவிப்பது மேல் என்று இன்று சொல்லலாம். களைத்துப்போன தனி மனிதரிடம் அந்த நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த நிரலை வைத்து வியாபாரம் செய்த நிறுவனங்களில் ஒன்றாவது, அவர் முடியவில்லை என்று எழுதிய வாரத்திலேயே சம்பளம் கொடுத்து ஒரு பொறியாளரைத் துணைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.