தலையெழுத்தைப் படிப்பவர் யார்?

பிரமன் மண்டையோட்டில் எழுதி அனுப்புகிறான் என்று காலங்காலமாக நம்பிய சமூகத்துக்கு, மரபணு என்ற கருத்து அந்நியமாகப் படவில்லை. எழுதப்பட்ட இடம்தான் செல்லின் உட்கருவுக்கு மாறியது. 'எல்லாம் ஜீன்ல இருக்கு' என்னும்போது வரும் பெருமூச்சு, 'எல்லாம் தலையெழுத்து' என்னும்போது வந்த அதே பெருமூச்சுதான். உட்கருவில் எழுத்து இருப்பது உண்மை. எழுத்து இருப்பதாலேயே விதி முடிந்துவிட்டது என்பது உண்மையா? இதற்கு இரத்தச் சிவப்பணுவைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்பது என் எண்ணம்.

நம் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. அருகிலிருக்கும் விழுங்கணு அதைத் தின்றுவிடும். அதன்பின் சுமார் 120 நாட்கள், எழுத்தே இல்லாமல், ஏற்கெனவே செய்துவைத்த ஹீமோகுளோபினைக் கொண்டு அந்த அணு பிராணவாயுவைச் சுமக்கிறது. கோழியின் சிவப்பணு உட்கருவை விடுவதில்லை. ஆனால் அது இறுகிச் சுருங்கி, எந்தக் கட்டளையும் பிறப்பிக்காமல் கிடக்கும். 1965இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வாளர் ஹென்றி ஹாரிஸ் அந்த ஊமை உட்கருவை எடுத்துக்கொண்டார். புறஊதாக் கதிரால் வீரியம் போக்கிய செண்டாய் வைரஸின் துணையோடு, அதை ஹீலா என்னும் மனிதப் புற்றுநோய் செல்லுக்குள் சேர்த்தார். உட்கரு பருத்தது, ஆர்.என்.ஏ.வை உண்டாக்கத் தொடங்கியது, தன் டி.என்.ஏ.வையே மீண்டும் படியெடுத்தது. பிற்பாடு கோழிக்கே உரிய புரதங்களும் அந்தக் கலப்புச் செல்லில் தோன்றின. உட்கருவில் ஓர் எழுத்தும் திருத்தப்படவில்லை. அதைச் சூழ்ந்திருந்த சைட்டோபிளாசம் மட்டுமே வேறு. ஆக, உட்கரு தானாகப் பேசும் வாய் அன்று. கேட்பவர் கேட்டால் பதில் சொல்லும் ஏடு.

ஒற்றை எழுத்துப் பிழையால் உயிர் வதைபடுவதைக் கண்டவர்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள். அரிவாள் செல் நோயில் நடப்பது அதுதானே? பீட்டா குளோபின் மரபணுவில் ஓர் எழுத்து மாறுகிறது. குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்காருகிறது. சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. 1952இல் லேமான், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த அரிவாள் செல் கூறு இருப்பதைக் கண்டு அறிவித்தார்கள். இந்த நோய் தரும் வலி மெய்யானது. அதைச் சொற்களால் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் இந்த எழுத்தின் பொருள்கூட ஒன்றாக நிற்பதில்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய்; ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் துன்பமில்லை. மாறாக, மலேரியா மண்டிய இடத்தில் அதுவே கவசம் என்று 1954இல் ஆந்தனி ஆலிசன் ஆப்பிரிக்க ஆய்வுகளால் காட்டினார். கொசு இல்லாத ஊரில் கவசத்துக்கு வேலையும் இல்லை. ஒரே எழுத்து சாபமா வரமா என்பதை அந்த எழுத்து மட்டும் தீர்மானிப்பதில்லை.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. சைட்டோபிளாசமும் கொசுவும் மட்டும் காரணகாரியத்துக்கு வெளியேயா இருக்கின்றன? விதியை உட்கருவிலிருந்து எடுத்துச் சூழலில் வைத்துவிட்டால் விடுதலை வந்துவிடுமா? வராது. சோதனைக்கூடத்தால் மனிதச் சுதந்திரத்தை நிறுவ முடியாது. நான் அதைக் கோரவும் இல்லை. முன்பே எழுதி முத்திரையிட்ட தீர்ப்பு என்ற உருவகம் மட்டுமே இங்கே உடைகிறது. சைவ சித்தாந்தம் வினையைச் சடம் என்றே கொண்டது; வினை தானாகச் சென்று பயனை ஊட்டாது, கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்றது. ஹாரிஸின் கோழி உட்கரு சித்தாந்தத்தை மெய்ப்பிக்கவில்லை. அப்படிச் சொன்னால் இரண்டுக்கும் அநீதி. ஆனால், எழுத்தை எழுத்தாகவும் ஆற்றலை ஆற்றலாகவும் பிரித்துப் பார்க்கும் கண் நம் மரபிலேயே இருந்தது. பிறகு ஏன் அரிவாள் செல் நோயுற்ற குழந்தையின் முன் நின்று 'முன்வினை' என்று கைவிரிக்கிறோம்? பிழையான ஹீமோகுளோபினுக்கு ஈடுகொடுக்கக்கூடிய, ஆனால் பிறந்தபின் அடங்கிவிடும் கருக்கால ஹீமோகுளோபின் மரபணு அந்தக் குழந்தையிடமும் இருக்கிறது. 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் தந்த கேஸ்ஜெவி சிகிச்சை, பிழையான எழுத்தைத் தொடுவதே இல்லை. அந்த மரபணுவை அடக்கிவைக்கும் தடையைத்தான் தளர்த்துகிறது. அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபோது அதற்கு அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அதே மரபணுவை ஓரளவுக்கேனும் எழுப்பக்கூடிய ஹைட்ராக்சியூரியா, பல ஆண்டுகளாகப் புழங்கும் ஒரு சாதாரண மாத்திரை.