பை திறப்பதற்கு முன்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கிக்கொண்டு போகிறவர்களின் கையில் உப்பிய பாலித்தீன் பை ஒன்று தொங்கும். அடியில் கொஞ்சம் தண்ணீர், மேலே ஆக்சிஜன், வாயில் இறுக்கிச் சுற்றிய ரப்பர் பேண்ட். உள்ளே நீந்துவது கடல் மீன் என்றால், வீடு சேர்ந்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியமானது. பையை வெட்டித் தொட்டியில் கொட்டிவிடும் ஆசையை அப்போது அடக்கத்தான் வேண்டும்.

காரணம் உப்பு. ஒரு கிலோ கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான். உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுவதுபோல, கடல் மீனின் உடலிலிருந்தும் நீர் ஓயாமல் வெளியே போகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட மீன் கடல் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குடித்த நீரோடு சேரும் உப்பைச் செவுளில் உள்ள தனிவகைச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. சிறுநீரும் மிகக் குறைவாகத்தான் போகும். தண்ணீருக்குள்ளேயே வாழும் ஓர் உயிர், உடல் வற்றிவிடாமல் இருக்க இவ்வளவு பாடுபடுகிறது!

பல கடைகளில் கடல் மீன் தொட்டியின் உப்பைக் கொஞ்சம் குறைத்தே வைப்பார்கள். அதனால் ஒட்டுண்ணிகள் கட்டுக்குள் இருக்கும், உப்புச் செலவும் மிச்சம். அந்த நீருக்குப் பழகிய மீனை முழு உப்புள்ள தொட்டியில் திடீரென்று விட்டால், செவுள்கள் ஈடுகொடுப்பதற்குள் உடல் வற்றத் தொடங்கிவிடும். மறுநாள் காலையில் மீன் செத்து மிதந்தால் பழி கடைக்காரர் மீது விழுகிறது. பல நேரங்களில் உண்மைக் காரணம் இந்த உப்பு வித்தியாசம்தான். பை நீர், தொட்டி நீர் இரண்டின் உப்பையும் அளந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பழக்கும் முறை எளியது. தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பையைத் திறக்காமல் பதினைந்து இருபது நிமிடம் மிதக்க விட்டால் வெப்பம் சமமாகும். பிறகு மீனை அதன் நீரோடு ஒரு வாளிக்கு மாற்றி, முடிச்சுப் போட்ட ஏர் டியூப் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வாளி நீர் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆனதும் மீனை மட்டும் வலையில் எடுத்து விடலாம். பை நீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

எவ்வளவு மெதுவாகச் சொட்டுகிறதோ அவ்வளவு நல்லது என்று மீன் வளர்ப்பவர்கள் பலர் நம்புகிறார்கள். அருகிலுள்ள கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வந்த மீனுக்கு அது சரி. இந்தோனேசியாவிலிருந்து விமானமேறி, ஒரு நாளுக்கு மேல் பைக்குள் அடைபட்டு வந்த மீனுக்கு அதே நிதானம் ஆபத்து. அடைத்த பைக்குள் மீன் விடும் கரியமில வாயு நீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. மீனின் கழிவான அம்மோனியா அந்த அமில நீரில் பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில்தான் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி அமிலத்தன்மை குறைகிறது. அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாக மாறிச் செவுளைத் தாக்குகிறது. அந்த நீரில் வைத்து இரண்டு மணி நேரம் சொட்டு விட்டால், அக்கறையோடு செய்த காரியமே மீனைக் கொன்றுவிடும்.

அனுபவசாலிகள் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். பை நீரில் எவ்வளவு உப்போ, அதே அளவு உப்புள்ள தனித்தொட்டியை முன்கூட்டியே தயாராக வைத்துவிடுவார்கள். வெப்பம் சமமானதும் பையைத் திறந்து மீனை உடனே அதற்கு மாற்றுவார்கள். உப்பை அதன்பின் நாள்கணக்கில் சிறுகச் சிறுக ஏற்றலாம். மீன் எங்கிருந்து வந்தது, பைக்குள் எத்தனை மணி நேரம் இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவருக்குத்தான் நிதானமா அவசரமா என்று முடிவெடுக்க முடியும்.

கடலுக்குள்ளும் இப்படிப் பழகுதல் உண்டு. 'ஃபைண்டிங் நீமோ' படத்தால் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த கோமாளி மீன், கொட்டும் கொடுக்குகள் நிறைந்த கடல் சாமந்தி என்ற உயிரினத்துக்குள் குடியிருக்கிறது. டேவன்போர்ட், நாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1958இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த உறவை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். புதிய சாமந்தியிடம் போகும் மீன் முதலில் வாலாலும் துடுப்பாலும் லேசாகத் தொட்டுவிட்டு விலகுகிறது. மறுபடி வருகிறது, மறுபடி தொடுகிறது. சில நிமிடங்களோ சில மணி நேரமோ இப்படிப் போன பிறகுதான் உடல் முழுவதையும் உள்ளே நுழைக்கிறது. இந்த மீனைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த குஞ்சு தொட்டிக்கும் தீவனத்துக்கும் ஏற்கெனவே பழகியது. பவளப்பாறையிலிருந்து ஒரு மீனைப் பிடிக்க வேண்டிய தேவையும் குறைகிறது. வாங்குகிறவர்கள் பண்ணை மீனையே கேட்டு வாங்குவது நல்லது.

எந்த வழியில் பழக்கினாலும், புதிய மீனைப் பழைய மீன்களோடு சேர்ப்பதற்கு முன் தனித்தொட்டியில் நான்கு வாரமாவது வைத்திருப்பது அவசியம். உப்புக் கல் ஒட்டியதுபோலத் தோன்றும் வெள்ளைப் புள்ளி நோயின் கிருமி, மீனை விட்டு விழுந்து அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகித் திரும்பி வரும். இரண்டு நாள் பார்த்துவிட்டு நோயில்லை என்று சொல்லிவிட முடியாது.

கடைசியாகப் பழைய மீன்கள். டாம்செல் போன்றவை சிறிய உடம்புக்குப் பொருந்தாத கோபக்காரர்கள். புதிய மீனை விடுவதற்கு முன் பாறைகளை இடம் மாற்றி அடுக்கினால் பழைய எல்லைகள் குழம்பிப்போகும், துரத்தல் குறையும். துளையிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய மீனை ஓரிரு நாள் தொட்டிக்குள்ளேயே வைத்திருப்பதும் பலன் தரும். விடும் நேரத்தில் பழைய மீன்களுக்கு முதலில் தீனி போட வேண்டும். புதியது முதல் நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். ஆர்டீமியா என்ற சிற்றிறால் தீவனத்தை ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்து, மிஞ்சியதை உடனே எடுத்துவிட்டு, மறுநாள் மறுபடி போடலாம்.